வெப்பப் பிழை

மதியம் இரண்டு மணிக்குத் திரையில் அந்தக் கோடு ஏறியது. இரண்டு ஐந்துக்கு இறங்கிவிட்டது. அவள் வேலை பார்த்த பன்னிரண்டு வருஷத்தில், அது ஒருமுறை ஏறி இறங்கப் பதினான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். மலைக்கு அடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்து முட்டும், மேல்தரை கண்ணுக்குத் தெரியாமல் உப்பும், பிறகு சத்தமில்லாமல் அமுங்கும். மறுபடி உப்பும். சுரங்கத்துக்குள் வைத்த கருவி அதை அளந்து கோடாக அனுப்புவதை அவள் குறித்துக்கொள்வாள். உத்தியோகமே அவ்வளவுதான்.

மூன்று வாரமாகவே கோட்டில் குட்டிக் குட்டி நெளிவுகள். கருவி சூடானால் அப்படித்தான் காட்டும் என்று, 'வெப்பப் பிழை' எனப் பெயர் வைத்து தினமும் அழித்துவிட்டாள். கோடு சுத்தமாக இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கருவியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி, மெக்கானிக்கான சொந்த அண்ணனை இன்று உள்ளே அனுப்பியதும் அவள்தான்.

போன் அடித்தது.

"கருவி நல்லாத்தான் இருக்கு. சுவருதான் சுடுது. தொட்டா கொழகொழன்னு... சீ! கையில ஒட்டிக்கிட்டு போகமாட்டேங்குது."

"அண்ணே, எல்லாத்தையும் போட்டுட்டு வெளியே வா!"

"வர்றேன், கத்தாத."

அலுவலகத்துக்குப் பின்னால்தான் சுரங்க வாசல். ஓடிப்போய் இரும்புக் கதவைத் திறந்ததும், சொத்தைப் பல்லும் புளித்த பாலும் கலந்த வெதுவெதுப்பான நாற்றம் முகத்தில் அடித்து, வாய்க்குள்ளும் இறங்கி நாக்கில் படிந்தது. அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, இருபது அடி தூரத்தில் அண்ணனின் தலைவிளக்கு தெரிந்தது. அப்பாடா!

அவன் ஓடி வந்துகொண்டிருந்தான். ஆனால் தூரம் குறையவில்லை. அவன் காலடியில் தரை உள்பக்கமாக நகர்ந்தது.

"பாப்பா, கையைக் குடு!"

நீட்டினாள். எட்டவில்லை.

சுவர்கள் உப்பின. ஈரமாக. மெதுவாக. ஒன்றோடொன்று ஒட்டின. சளக்கென்று ஒரு சத்தம்.

பிறகு தளர்ந்தன. சுரங்கம் காலி.

அவள் அலறவில்லை, வாயைத் திறக்கவே அருவருப்பாக இருந்தது. இடதுபக்கப் பாறையில், வழுவழுத்த ஈரத்தோலுக்குப் பின்னால், அண்ணனின் தலைவிளக்கு மங்கிய சிவப்பாக எரிந்தபடி, இரண்டு பக்கமும் ஆடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.