தலைக்கு முப்பது

புறவழிச்சாலை ஒரு தலைக்கு முப்பது கிலோமீட்டர் வேகம்தான் கொடுத்தது. தனியாக வந்தால் முப்பது, இருவர் வந்தால் அறுபது. ஒற்றை ஆள் கார்களால் கோவையே திணறிப்போன பிறகு வந்த சட்டம் அது. சாலைக்கு அடியில் புதைத்திருந்த துடிப்பெண்ணி, வண்டிக்குள் எத்தனை மனித இதயங்கள் துடிக்கின்றன என்று எண்ணும். அந்தக் கணக்குக்கு மேல் வண்டியை ஓடவிடாது. பொம்மையை உட்காரவைத்தவர்களும் ஆட்டுக்குட்டியை ஏற்றியவர்களும் முப்பதிலேயே ஊர்ந்தார்கள்.

இது தெரிந்தும் பொழிலனுக்கு ஸ்போர்ட்ஸ் கார்மேல்தான் ஆசை.

நீலாம்பூர் விற்பனைக்கூடத்தின் வாசலில் இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று சிவப்பு, தரையோடு படுத்திருந்தது. அறுநூறு குதிரைத்திறன், இரண்டே இருக்கை. மற்றது எட்டுப் பேர் உட்காரும் எஸ்யுவி, அரிசி மூட்டைகளை அடுக்கிவைத்ததுபோல.

"சிவப்புல வேகம் இருக்குது, ஆள் ஏற எடமில்லீங். இதுல எட்டுப் பேர் ஏறலாம், சாலை எரநூத்தி நாப்பது குடுக்கும். ஆனா நூத்தி முப்பதத் தாண்டினா ஒதறுமுங்" என்றார் விற்பனையாளர் மயில்சாமி. "ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணச் சொல்லுங்."

பொழிலனின் மனைவி நறுமுகை ஒரு வாரமாகவே எஸ்யுவிதான் வேண்டும் என்று நின்றாள். இப்போது திடீரென்று சிவப்புக் காரின் கதவைத் திறந்தாள்.

"இது அறுபதத் தாண்டுச்சுன்னா இதையே வாங்கிக்கலாம். தாண்டலைன்னா எஸ்யுவி. பந்தயமுங்களா?"

"ரெண்டு பேர் ஏறுனா அறுபதுதான். சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். நான் தோக்கறதுக்குன்னே பந்தயம் வெக்கற நீ!"

"கொழந்தைக்குத் தெரியுதோ என்னவோ, ஏறுங்க மொதல்ல."

தோற்றாலும் ஒருமுறை ஓட்டிய சந்தோஷமாவது மிஞ்சும் என்று பொழிலன் ஏறினான்.

சாலையில் இறங்கியதும் வேகமானி முள் அறுபதைத் தொட்டது. வழக்கமாக அங்கே சுவரில் முட்டியதுபோல வேகம் நின்றுகொள்ளும். நிற்கவில்லை. எழுபது. எண்பது. முதுகு இருக்கையில் அழுந்தியது. பொழிலன் வாய்விட்டுக் கத்தினான். நறுமுகை அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறு வந்ததும் அவள் கண் வண்டியின் முகப்புப் பலகைக்குப் போனது. தொண்ணூறும் தாண்டியது. அவள் சிரிப்பு நின்றது.

நூற்றிருபதில் வேகம் நிலைத்தது. பலகையில் பச்சை எழுத்துகள்: துடிப்பு நான்கு.

"துடிப்பெண்ணி கெட்டுப்போச்சு!" என்றான் பொழிலன் குதூகலமாக.

"கெடலைங்க." அவள் கையை வயிற்றின்மேல் வைத்தாள். "போன வாரமே எனக்குத் தெரியும். வாயால சொல்றதவிட, நீங்களே பாத்துக் கண்டுபிடிக்கட்டும்னு நெனச்சேன். ஆனா மூணுன்னுதான் காட்டும்னு இருந்தேன்..."

பொழிலன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். அவன் கால் தானாக மேலே வந்தது. வேகம் நாற்பதுக்கு இறங்கியது.

"பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சிவப்பு உங்களுக்குத்தான்."

அவன் கழுத்தைத் திருப்பினான். முதுகுக்குப் பின்னால் ஒரு பை வைக்கக்கூட இடமில்லை.

"மயில்சாமிகிட்ட அந்த மூட்டை வண்டியையே எடுத்துவெக்கச் சொல்லு" என்றான்.

நூற்றிருபது போகலாம், போகலாம் என்று பலகை பச்சையாய் மின்னிக்கொண்டே இருந்தது. ஆள் நிறைந்த வேன் ஒன்று அவர்களை ஒட்டி விரைந்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"ஏனுங், தள்ளிவுட ஆள் வேணுங்களா?"

பொழிலன் அவருக்குச் சந்தோஷமாகக் கையசைத்தான். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, முப்பதுக்கு இறக்கினான்.