கேட்டுக்கொண்டிருக்கும் அறை

கைதவறிக் கீழே விழுந்த சாவிக்கொத்து சத்தம் எழுப்பவில்லை.

கனமான கொத்து அது. பெரிய படுக்கையறையின் வாசலைத் தாண்டி உள்ளே, வெறும் பளிங்குத் தரையில்தான் விழுந்தது. பல் மருத்துவர் குனிந்து எடுத்து, வேண்டுமென்றே மறுபடி விழவிட்டார். பஞ்சின் மேல் விழுந்த மாதிரி கிடந்தது. வயசானால் காதும் தகராறு செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அங்கே பேருந்துகளின் ஹாரனும், கடை ஷட்டர்களின் கடகடப்பும், கூவி விற்கிறவர்களின் குரலும், யாரோ யாரையோ விடாமல் திட்டுவதும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. காதில் ஒரு குறையும் இல்லை.

அந்த இரைச்சலுக்காகவே அவர் மனைவி இந்த வீட்டை வாங்கச் சொன்னாள். கடைத்தெருவுக்கு நேர் மேலே, பந்து விளையாடும் அளவுக்கு ஹால், இரண்டு பக்கமும் பால்கனி, தேக்குக் கதவுகள். "இவ்வளவு பெரிய வீட்டை யாராவது சந்தைக்குள்ள வாங்குவாங்களா?" என்று அவர் கேட்டபோது, "அமைதியா இருந்தா எனக்குத் தூக்கமே வராதுங்க. ஊரே பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருக்கணும்" என்றாள். வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக் கூச்சலில் கழித்தவள். நோய் முற்றி அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, காது மட்டும் கடைசி வரை கேட்கும் என்று நர்ஸ் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் படுக்கையறை ஜன்னல்களை அவர் சாத்தவே இல்லை. தெரு முழுவதையும் அவள் காதில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்படியும் போய்விட்டாள்.

விற்கப்போகும் வீட்டைப் படம் எடுக்கப் பிற்பகலில் தரகர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க சார்? எனக்கு முதலீடே இந்த வாய்தான். நாளைக்குப் பார்ட்டி குடும்பத்தோட வர்றாங்க. நான் பேசுற பேச்சுல இங்கேயே பாய விரிச்சிடுவாங்க, பாருங்க."

பேசிக்கொண்டே படுக்கையறைக்குள் போனார். வாசற்படியில் அந்தப் பேச்சு, கத்தரித்த நூல் போல, நடுச்சொல்லில் அறுந்தது. உள்ளே உதடுகள் அசைந்தன. கையை ஆட்டி எதையோ விளக்கினார். தன் ஜோக்குக்குத் தானே தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். தன் குரல் தனக்கே கேட்காதது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. மருத்துவர் ஹாலில் நின்று, கண்ணாடித் தொட்டி மீனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

வெளியே வந்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ... கட்டிக்கிச்சு சார்." காற்றுதான் வந்தது, குரல் இல்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். தூசியாக இருக்கும் என்று சைகை காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

வெயில் சாய்ந்த பிறகு மருத்துவர் அந்த அறைக்குள் போனார். ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. கீழே பேருந்துகள் ஊமையாக ஊர்ந்தன. மெத்தை எடுத்துவிட்ட கட்டில், அவளுடைய பவுடரும் மருந்தும் கலந்த லேசான வாசனை, சுவரில் மங்கிக்கொண்டிருந்த வெளிச்சம். காலியான அறையின் மௌனம் இல்லை அது. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மௌனம். தலையை இடப்பக்கம் சாய்த்து அவள் அப்படித்தான் கேட்பாள்.

"நான்தான்" என்றார். தொண்டை அதிர்ந்தது, காதுக்கு எதுவும் வரவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் வெளியே போக மனம் வரவில்லை. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, அவள் போன பிறகு யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்லி அழுதார். சொல்லச் சொல்ல அறை குடித்துக்கொண்டே இருந்தது.

ஹாலில் போன் அடித்தபோது எழுந்து வந்தார். மகள்.

"ஏன்பா குரல் இப்படி இருக்கு? சாப்டீங்களா, இல்லையா?"

அவள் மடியில் குழந்தை மழலை பேசிக்கொண்டிருந்தது. பாட்டி போன மறுமாதம் பிறந்தவன். மகளின் வயிற்றில் காதை வைத்து, "இந்தப் பயல் குரலை ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்டி" என்று மனைவி கெஞ்சியது அவர் நினைவுக்கு வந்தது.

"குட்டிப் பயலைக் கொஞ்சம் பேச வைம்மா" என்றார் கரகரத்த குரலில். ஏன் என்று சொல்லவில்லை.

ஸ்பீக்கரைப் போட்டார். வாசலில் நின்றபடி போனை அறைக்குள் நீட்டினார்.

மழலை அறுந்தது.

கேட்கட்டும். ஒரு நிமிஷம் கேட்கட்டும். கண்ணீர் தாடையில் வழிய நின்றார். முழங்கை வரை குளிர் ஏறியது. போன் கனத்தது. இன்னும் கனத்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அதன் மேல் காதை அழுத்தி வைத்ததுபோல.

அப்போதுதான் தரகரின் தொண்டை ஞாபகம் வந்தது.

இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பிய்த்துக்கொண்டு வந்தது.

"அப்பா!" மகள் அலறினாள். "குட்டிக்கு என்னமோ ஆச்சுப்பா! அழுறான்... வாயைத் திறந்து அழுறான்... சத்தமே வரலைப்பா!"

அறை இருண்டிருந்தது. கட்டில் தெரியவில்லை.

"குடுத்துடு" என்றார். "பச்சைப் பிள்ளை. நம்ம பேரன். குடுத்துடும்மா."



பிறகு, முதல் முறையாக, அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தையின் அழுகை. வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீறிட்டது. அதன் மேல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல், ஆசை ஆசையாக:

"ச்சு... ச்சு... அழக் கூடாது. பாட்டி இருக்கேன்ல."

கையில் போன் கதறிக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கும் அறையைத் தாய் சாத்துவதுபோல, மெதுவாக, துளியும் ஓசையில்லாமல், கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது.