நினைவு சொல்லாமல் மாலை போடாதே!

சப்-இன்ஸ்பெக்டர் பேச்சித்தாயின் செல்போன் அலறியபோது, அவள் வாய்க்குள் பாதி இட்லி இருந்தது.

"எஸ்.ஐ. அம்மா... கலையரசி போயிட்டா."

பேசியது எபி. விக்கிரமசிங்கபுரம் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவள்.

இட்லி இறங்க மறுத்தது.

"எப்பம்?"

"விடிஞ்சு பாத்தா பேச்சு மூச்சைக் காணோம். நேத்துதான் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தோம்... நீங்க வாங்கம்மா. ஜீப் வேண்டாம்."

பேச்சித்தாய் கை கழுவினாள். கண்ணையும் கழுவிக்கொண்டாள்.

கலையரசி ஒரு திருநங்கை. இட்லிக் கடையில் மாவாட்டுபவள். போன வாரம் ஒரு சாயங்காலம், தாமிரபரணிப் படித்துறையில் மண்டை உடைந்து கிடந்தாள். கண் விழித்தபோது பேர் நினைவிருந்தது, ஊர் நினைவிருந்தது, மாவுக்குப் போடும் உளுந்தின் அளவுகூட நினைவிருந்தது. அடித்தவன் மட்டும் நினைவில் இல்லை!

'வழுக்கி விழுந்தாள்' என்று எழுதி முடிக்கச் சொன்னது மேலிடம். பேச்சித்தாய்க்கு ஒருவர் மேல் சந்தேகம் இருந்தது. சாட்சிதான் இல்லை. இன்றைக்குள் ஒன்று கிடைக்காவிட்டால், கலையரசி வழுக்கி விழுந்தவளாகவே போய்ச் சேருவாள்.

மில்லுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டில் நிற்க இடமில்லை. மில் வேலைக்குப் போகும் பெண்கள், திருநங்கைகள், நடுவில் பெஞ்சில் கலையரசி. தலையில் கட்டு. கழுத்து வரைக்கும் ரோஜா.

அருகில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள் தஸ்மியா. எபியோடு சேர்ந்து வாழ்கிறவள். ஊர் முதலில் இருவரையும் அக்கா தங்கச்சி என்று நினைத்தது. இல்லை என்று இவர்கள் திருத்தினார்கள். கேட்டுக்கொண்ட ஊர், அக்கா தங்கச்சி என்றே வைத்துக்கொண்டது.

"செத்தவளுக்கு எதுக்கும்மா விசிறி?"

"ஈ மொய்க்குல்லா," என்றாள் தஸ்மியா, கண்ணைத் துடைத்தபடி.

என்ன பாசம்! பேச்சித்தாய் கலையரசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!"

நீலாம்பாள். அந்த வீட்டின் மூத்த திருநங்கை. அவள் குரலுக்கு மில் சங்கே கொஞ்சம் தயங்கும்.

"போஸ்ட்மார்ட்டத்துக்கு எடுக்கணும்லா நீலாம்பாள்."

"எடுங்க. மொதல்ல நெனப்பு சொல்லி முடிச்சிருதோம். ஆளுக்கு ஒண்ணு. சொன்ன பெறகுதான் மாலை போடணும், தொடணும். எங்க வீட்டு வழக்கம்."

"இது என்ன வழக்கம்? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"எங்க கூட இருந்த செண்பகம் செத்தப்ப வந்தது." நீலாம்பாளின் குரல் இறங்கியது. "பெத்தவங்க வந்தாங்க. முடியைக் கத்தரிச்சாங்க. வேட்டியைக் கட்டுனாங்க. நாங்க கேட்டே இராத ஒரு பேரைச் சொல்லி அழுதாங்க. எங்களைத் தெருமுக்குலயே நிப்பாட்டிட்டாங்க. அவளை அடிச்சே கொன்ன புருசன்காரன், கூட்டத்தோட கூட்டமா நடந்து போனான். அதுல இருந்து, எவ செத்தாலும் எல்லாரும் சொல்லுவோம். அவ எப்படி இருந்தா, என்ன உடுத்துனா, எவன்கிட்ட அடி வாங்குனா... எல்லாம். ஆளுக்கு ஒண்ணு சொன்னா முழு ஆளும் வந்துருவால்லா? பெறகு எவன் வந்து மாத்த முடியும்?"

பேச்சித்தாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

தஸ்மியா தொடங்கினாள்.

"மொத மாப்பிள்ளை அடிச்சு வெரட்டுனப்ப, நான் இவ கடைக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தேன். அவரையும் ஆசைப்பட்டுத்தான் கட்டுனேன். 'உனக்கு ஆம்பளையப் பிடிக்குமா, பொம்பளையப் பிடிக்குமாட்டி? தெளிவா சொல்லு'ன்னா. ரெண்டு பேரையும் பிடிக்கும், அடிக்கவங்களைத்தான் பிடிக்காதுன்னேன். 'அப்பம் தையல்கார எபியைப் பாரு. அவளுக்கு ஈ அடிக்கக்கூடத் தெரியாது'ன்னு கைகாட்டி விட்டா."

அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். எபி மட்டும் விட்டத்தைப் பார்த்தாள்.

"வளையல்னா உசுரு அவளுக்கு," என்றாள் நீலாம்பாள். "ஆனா கண்ணாடி வளையல் ஒரு நாளும் போட்டதில்ல. ரப்பர் வளையல்தான். 'மாவுல ஒடைஞ்சு விழுந்தா, திங்கவன் சட்னியை விட்டுட்டு என்னையல்லா ஏசுவான்'னு சொல்லுவா."

பேச்சித்தாயின் முறை வந்தது.

"எங்கிட்ட ஒரு தடவை புகாரோட வந்தா. பஸ்ஸுல ஒரு மில் பொண்ணு மேல காண்ட்ராக்டர் பாக்கியசீலன் கையை வச்சாராம். எல்லார் முன்னாலயும் அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்கி, 'இது யாரு கை, கீழ கிடந்துச்சு'ன்னு கேட்டாளாம். அந்தப் பொண்ணு பயந்து பின்வாங்கிட்டு. புகார் நிக்கல. 'பரவாயில்லம்மா, நீங்களாவது ஞாபகம் வச்சுக்கிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனா..."

அவள் கர்ச்சீப்பைத் தேடினாள்.

வாசலில் சலசலப்பு.

பாக்கியசீலன்!

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் ஆள் உயர மாலையோடு வந்துவிடுவார். செத்தவர்களோடு அவருக்கு எப்போதும் நல்ல உறவு. எதிர்த்துப் பேசமாட்டார்கள் அல்லவா?

"பாவம். நல்ல பிள்ளை," என்று மாலையைத் தூக்கினார்.

எபி குறுக்கே வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு நெனப்பு சொல்லிட்டுத்தான் போடணும்."

"நெனப்பா?"

"அவளைப் பத்தி ஏதாவது. சின்னதா இருந்தாலும் போதும்."

பாக்கியசீலன் சுற்றிலும் பார்த்தார். அத்தனை கண்களும் அவர் மேல். பக்கத்தில் போலீஸ். சொல்லாமல் திரும்பினால் நன்றாக இருக்காது.

தொண்டையைச் செருமினார்.

"என்னத்தச் சொல்ல... எப்பவும் கை நிறைய பச்சைக் கண்ணாடி வளையலப் போட்டுக்கிட்டு, கலகலன்னு நடந்து வருவா. அந்தச் சத்தம் இன்னும் எங் காதுக்குள்ளேயே கேக்கு."

விசிறி நின்றது.

அழுகை நின்றது.

தன் பேச்சு எல்லோரையும் உலுக்கிவிட்டது என்று பாக்கியசீலன் நினைத்துக்கொண்டார். உண்மைதான், உலுக்கித்தான் விட்டது.

தஸ்மியா பைய எழுந்தாள்.

"அந்தப் பச்சை வளையல் நான் வாங்கிக் கொடுத்தது அண்ணாச்சி. அன்னிக்குச் சாயங்காலம், பொட்டலத்தப் பிரிக்காம அவ கையில கொடுத்தேன். 'ஆத்துல குளிச்சிட்டுப் போடுதேன், நாளைக்குக் கடை லீவுதான'ன்னு சொல்லிட்டுப் போனா. அவளை நாங்க தூக்கும்போது வளையல் எல்லாம் படியில நொறுங்கிக் கிடந்துச்சு. யாரு கால்லயும் குத்திரக் கூடாதுன்னு நாங்கதான் பொறுக்கி எடுத்தோம்."

"அதுக்கு?"

"அவ ஆயுசுக்கும் கண்ணாடி வளையல் போட்டது அந்த ஒரு தடவைதான். பாத்தது, அங்கன நின்ன ஆளு மட்டுந்தான்."

பாக்கியசீலனின் மாலை கொஞ்சம் இறங்கியது.

"நான்... அந்தப் பக்கமா போகும்போது தூரத்துல இருந்து..."

"எந்தப் பக்கமா?" பேச்சித்தாய் தொப்பியை எடுத்து மாட்டினாள். "அன்னிக்குப் பூராவும் கங்கைகொண்டான்ல வேலை பாத்ததா எங்கிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீரு. அங்கன இருந்து இங்கன உள்ள வளையல் தெரிஞ்சுதோ? நல்ல கண்ணு வே உமக்கு."

ஒருத்தியை ஒரே ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, அதையே 'எப்பவும்' ஆக்கிவிட்டார் மனிதர்! எத்தனையோ வருஷம் கூடவே இருந்தவர்கள் நடுவில் வந்து அந்தப் பொய்யைச் சொன்னால் எடுபடுமா?

மாலையைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார். வாசலில் மில் பெண்கள். அவர்களில் ஒருத்தி, பஸ்ஸில் பயந்து பின்வாங்கிய அதே பெண். இன்றைக்கு அவள் நகரவில்லை.

"வழி விடுட்டி."

"மாட்டேன்."

பேச்சித்தாய் அவர் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ரைட்டர்... கலையரசி கேஸு. வழுக்கி விழல. கொலைன்னு மாத்தி எழுதும்."

"கொலை இல்லம்மா. கொலை முயற்சி," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

ரோஜாக்களை உதறிக்கொண்டு, பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தாள் கலையரசி!

பாக்கியசீலன் போட்ட அலறலில் வீட்டு ஓடு ஒன்று நகர்ந்திருக்கும்.

பேச்சித்தாய்க்கு அழுவதா, அறைவதா என்று தெரியவில்லை. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எபியை முறைத்தாள்.

"என்னட்டி இது?"

"உசுரோட இருந்தா இவரு எட்டிப் பாப்பாராம்மா? செத்தாத்தான் மாலையோட வருவாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? வளையல் வெவரத்தையும் மறைச்சுட்டீங்க."

"சொன்னா எழுதுவீங்க. ஸ்டேஷன்ல எழுதுனா, மத்தியானத்துக்குள்ள இவரு காதுக்குப் போயிரும். நாங்க மனசுல வச்சிருந்தோம். அங்கன இருந்து எதுவும் வெளிய போகாது."

பேச்சித்தாய் பாக்கியசீலனின் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள்.

கலையரசி பாக்கியசீலனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு குரல்ல வளையல்னு கேட்டதும் வந்துட்டும்மா. எல்லாம் வந்துட்டு. கையைப் பிடிச்சு முறுக்கி, 'உனக்கெல்லாம் வளையல் கேக்காலே'ன்னான். பெறகு கல்லைத் தூக்கினான். இவன்தான்."

நீலாம்பாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தஸ்மியா இந்தத் தடவை நிஜமாகவே அழுதாள்.

ஸ்பீக்கரில் ரைட்டரின் குரல்.

"மேடம்... கொலைன்னு எழுதிட்டேன். செத்தது பேரு என்னன்னு போடட்டும்?"

கலையரசி எட்டிப் போனை வாங்கினாள்.

"செத்தது நாந்தான் அண்ணாச்சி. கலையரசின்னு போடுங்க. பழைய பேரு எதையாவது தோண்டி எடுத்துப் போட்டீங்க... நேரா உங்க ஸ்டேஷனுக்கே எந்திச்சு வந்துருவேன்."