சாரல் விழும் கூரை

"இதை வரைஞ்ச ஆளைக் கொண்டுவந்து, மழையில இங்கேயே நிக்க வைக்கணும்."

பக்கத்தில் நின்றவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாக, மழையைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனாலும் அவளுக்குக் காது மடல் சூடானது… அந்தப் பேருந்து நிலையத்தை வரைந்தவள் அவள்தான்.

வெள்ளைச் சிறகு விரித்ததுபோல, பார்ப்பவரை அண்ணாந்து நிற்க வைக்கும் கூரை. அவள் தனியாக வரைந்த முதல் கட்டிடம். இவ்வளவு உயரம் வைத்தால் சாரல் அடிக்குமே என்று அலுவலகத்து மேலாளர் சொல்லிப் பார்த்தார். தாழ்த்தினால் அழகு கெட்டுவிடும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இன்று அதே கூரையின் கீழே, நட்டநடுவில், முழங்கால்வரை நனைந்தபடி இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் திரும்பினான். மூக்குக் கண்ணாடியில் மழைத்துளிகள்… அவற்றுக்குப் பின்னால் சிரிக்கும் கண்கள். கையிலிருந்த பெரிய கறுப்புக் குடையை அவள் பக்கம் சாய்த்தான். கூரைக்குக் கீழே குடை பிடிக்க வைத்துவிட்டார்களே என்றான்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாங்க… எந்தப் புண்ணியவானோ" என்றாள். சொன்னதோடு விடாமல் சிரிக்கவும் செய்தாள். பிறகு நாள்கணக்கில் அவளைக் குத்தியது அந்தச் சிரிப்புதான்.

சாலைக்கு எதிர்ப்புறம் பழைய நூலகம். இடிந்து கிடந்த அதைச் செப்பனிட்டு எழுப்பிய பொறியாளர் அவன். அங்கே போனால் நனையாமல் நிற்கலாம் என்று கூப்பிட்டான். ஒரே குடையில் சாலையைக் கடந்தார்கள். அவன் தோள் நனைந்தது, அவள் தோள் நனையவில்லை. அதை அவள் கவனித்தாள்… கவனிக்காதவள்போல நடந்தாள்.

நூலகத்தின் முகப்பில் தலையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது ஓட்டுச் சரிவு. வழவழப்பான மரத் தூண்கள். பால் நிறத்தில் சுண்ணாம்புச் சுவர். வெளியே அப்படிக் கொட்டியும் உள்ளே தரையில் ஒரு சொட்டு இல்லை. அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவன் சுவரைத் தட்டிக்காட்டித் தன்னையே கேலி செய்துகொண்டான். அவசரப்பட்டு முதலில் சிமென்ட் பூசினானாம். பழைய சுவர் மூச்சுவிட முடியாமல் வியர்த்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததாம். எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டுவிட்டு, மறுபடி சுண்ணாம்பில் ஆரம்பித்தானாம். "அந்தச் சமயத்துல தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத்தாங்க நடந்தேன்."

சற்றுமுன் பார்த்த ஒருத்தியிடம் தன் தோல்வியை இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறதே… தன்னால் ஏன் முடியவில்லை? என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவன் கேட்டபோது, ஓர் ஆபீஸில் படம் வரைவதாகச் சொன்னாள். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

அதன்பிறகு மழையில்லாத மாலைகளிலும் நூலகத்துக்கு வந்தாள். புத்தகத்துக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் அலமாரிகளின்மேல் ஊர்வதை அவன் காட்டுவான். அவள் வெயிலைப் பார்க்காமல், அதைச் சுட்டும் விரலைப் பார்ப்பாள். மனதுக்குள் அவனுக்குக் குடைக்காரன் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒரு மாலை இருவரும் மாடி ஜன்னலருகே நின்றிருந்தபோது தூறல் பிடித்தது. எதிரே பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர், பையிலிருந்து நீலத் துண்டை எடுத்து நனைந்த இருக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"துண்டுப் பெரியவர். மழை வந்தா ஆஜர்" என்றான் குடைக்காரன். "அவர் பொண்ணு வரைஞ்ச கட்டிடமாம். யாராவது முணுமுணுத்தா சண்டைக்கே போயிடுவார். அது சாரல் இல்லையாம்… காத்தோட்டமாம்."

சிரித்தான். அதில் கேலி இல்லை, வாஞ்சைதான் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

"ஏன் அப்படிப் பார்க்கறீங்க… தெரிஞ்சவரா?"

அந்த முதுகை அவளுக்குத் தெரியும். பேருந்து நடத்துனராக நாள் முழுக்க நின்றே வேலை பார்த்து வளைந்த முதுகு. அவளைப் படிக்க வைத்த முதுகு.

"இல்லையே" என்றாள்.

சொன்ன கணமே உடம்பு கூசியது. அன்று மறுத்தது வெறும் கூரையை. இன்று…? தலைவலி என்று முனகிவிட்டு, அப்பாவின் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வெளியேறினாள்.

வீட்டுக் கொடியில் நீலத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. இது மட்டும் ஏன் காய்ந்தே தொலைய மாட்டேன் என்கிறது என்று அம்மா வழக்கம்போல் அலுத்துக்கொண்டாள். பழைய சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வந்ததாக அப்பா வழக்கம்போல் மழுப்பினார். அவரும் மறைத்தார், அவளும் மறைத்தாள். மகள் மனம் நோகக் கூடாதே என்று அவர் மறைத்தார். அவள் எதற்காக?

மறுநாள் மேலாளரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, கூரை விளிம்பில் தாழ்வான சரிவு ஒன்று சேர்க்க வேண்டும் என்று தலைகுனிந்து சொன்னாள். அவர் குத்திக்காட்டாமல் ஒப்புக்கொண்டார். அது சுலபமான பாதி. மறுபாதிக்கு மழை வரவேண்டியிருந்தது.

வந்தது. அவள் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். அப்பா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். தூணருகே… குடைக்காரன். கால் தயங்கியது. ஒரு கணம்தான்.

"அப்பா, துண்டைக் குடுங்க."

அவர் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல விழித்தார். "ஒண்ணுமில்லம்மா… காத்துல லேசா தெறிச்சுது."

"காத்து இல்லப்பா. நான் தப்பா வரைஞ்சுட்டேன்."

வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படியே சொன்னாள். துண்டை வாங்கி அடுத்த இருக்கையைத் துடைத்தாள். நிமிர்ந்தபோது குடைக்காரன் எதிரே நின்றான். கண்களில் அந்தச் சிரிப்பு இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். முடிந்தால் முடியட்டும்…

"அந்தப் புண்ணியவான் நான்தான். இவர் என் அப்பா. அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னேன்… கூரையைவிட அதுக்குத்தான் வெட்கமா இருக்கு. உங்க கண்ணுல நான் சின்னவளாயிடக் கூடாதுன்னு பயந்துட்டேன். அவ்வளவு பிடிச்சுப்போச்சு உங்களை."

அப்பாதான் முதலில் பேசினார்.

"தெரியாதுன்னா சொன்னே? விடு… இந்தக் கோலத்துல பார்த்தா எனக்கே என்னைத் தெரியாதும்மா."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை அவர் தட்டிக்கொடுத்தார்.

குடைக்காரன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"வெயில் நாள்ல இங்க வெளிச்சம் நடக்கும். காலையில அந்தத் தூண்ல ஆரம்பிச்சு, சாயங்காலம் இந்த இருக்கைக்கு வந்து உட்காரும். அதைப் பார்க்கறதுக்காகவே எத்தனையோ நாள் பஸ்ஸை விட்டிருக்கேன்… யாரோட கை இதுன்னு நினைச்சுப்பேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்பாவைத் தெரியாதுன்னு சொன்னதுல எனக்குக் கோவம் இருக்குங்க. அது ஆற நாளாகும்."

அவள் தலையாட்டினாள். நியாயம்தான்.

சாரல் மறுபடி சீறி அடித்தது. அவன் குடையை விரித்தான். அது மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது.

"இதை வரைஞ்ச ஆளை மழையில நிக்க வைக்கணும்னு சொன்னேன் இல்லையா… தனியா நிக்க வைக்கணும்னு சொல்லலை."

அப்பா அவள் கையிலிருந்த துண்டை மெதுவாக உருவிக்கொண்டார். அந்தப் பக்கமாகத் திரும்பி, ஏற்கெனவே காய்ந்திருந்த ஓர் இருக்கையை வெகு கவனமாகத் துடைக்க ஆரம்பித்தார்.