நூல் நுனியைச் சுட்டவள்

சோதனை அறைக்குள் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

ஷர்மிளா முதலில் அதைச் சட்டை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், ஆம்பூரே ஜும்மா தொழுகைக்காக ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருக்கிற நேரம். வெளியே சர்வீஸ் ரோட்டில் எந்த லாரியாவது எதையாவது சிந்திவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த அறையின் ஜன்னல் திறக்காது. தூசு வரக்கூடாது என்று சீல் வைத்து, ஏசி போட்டு, செருப்பைக்கூட வெளியே கழற்ற வைத்திருக்கிற அறை அது. அங்கே மண்ணெண்ணெய் எப்படி வரும்? ரேஷன் கடையிலேயே அதை ஊற்றி எத்தனையோ மாதம் ஆகிறது.

கதவைத் திறந்து அஃப்ஸர் ஜஹான் தலையை நீட்டினாள். முடிச்சுப் போடும் பிரிவில் மூத்தவள், ஷர்மிளாவோடு பதினோரு வருஷம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஷூ தைத்தவள்.

"இன்னா ஷர்மி, சாப்ட வர்ல? தால்ச்சா எடுத்தாந்துருக்கேன்."

"அக்கா, இங்க கிருஷ்ணாயில் வாசன வருதா?"

அஃப்ஸர் ஜஹான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ஒண்ணும் வர்லியே. பசில ஒம் மூக்கு பேஜாராயிடுச்சி. சீக்கிரம் வா."

அவள் திரும்பி நடந்தாள். வெறுங்கால் நடை. காய்ந்த தரை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் சளக், சளக் என்று ஈரத்தில் நடக்கிற சத்தம் கேட்டது. கதவு மூடிய பிறகும் அந்தச் சத்தம் இரண்டு அடி கூடுதலாகக் கேட்டு நின்றது.

ஷர்மிளா எழுந்தாள். பயந்து ஓடுகிற ஜாதி இல்லை அவள். வாடை எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்தபடி மேஜைக்கு அடியில், குப்பைத் தொட்டியில், ஏசி ஓட்டையில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் மூலையிலிருந்த கண்ணாடி அலமாரி முன்னால் நின்றாள். அனுப்புகிற ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை மாதிரிக்காக எடுத்துவைக்கிற அலமாரி. திறந்தாள். முகத்தில் அறைந்தது வாடை. மேல் தட்டில், பாலித்தீன் பைக்குள், முதல் லாட்டின் மாதிரி வயர்க் கட்டு இருந்தது.

அதை யார் கட்டினார்கள் என்று சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அவளேதான்.

போன வருஷம் வரை அந்தக் கட்டிடம் ஷூ கம்பெனி. ஆர்டர் படுத்துப்போனதும் முதலாளி மெஷின்களை விற்றுவிட்டு, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வயர்க் கட்டு செய்து தர ஒப்புக்கொண்டார். விமானத்தின் இறக்கையிலும் வயிற்றிலும் எரிபொருள் டேங்க் இருக்கிறது, அதில் ஊற்றுவதும் ஒருவகை மண்ணெண்ணெய்தான். எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று அளக்கிற கருவிக்கு, அந்த டேங்குக்குள்ளேயே ஓடுகிற வயர் இது. பயிற்சி கொடுக்க வந்தவர் மூன்று நாளும் ஒரே பாட்டுதான் பாடினார். நிறைந்த டேங்க் பயமில்லை, காலி டேங்க்தான் பயம். எண்ணெய் இறங்க இறங்க அந்த இடத்தில் ஆவி வந்து நிற்கும். கடுகளவு பொறி போதும். அதனால்தான் இந்த வயரில் கரண்டையே கிள்ளித்தான் கொடுப்பார்கள், மற்ற வயர்கள் பக்கத்தில்கூட இதை ஓட விடமாட்டார்கள், மேலுறையில் ஒரு நகக்கீறல் பட்டிருந்தாலும் குப்பையில் போடு என்பார்கள். வயர்களைச் சேர்த்து மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்தரியால் வெட்ட வேண்டும். கத்தரியால் மட்டும்.

ஷர்மிளாவின் கைக்கு அது தெரியவில்லை. ஷூ தையலில் நைலான் நூலை வெட்டிய பிறகு நுனியை லைட்டரால் ஒரு தொடு தொட வேண்டும். உருகி மணியாக அடங்கிவிடும், பிரியாது. கை சுத்தமான தையல்காரிக்கு அதுதான் அடையாளம். ஒரு நாளைக்கு ஐந்நூறு முறை, பதினோரு வருஷம். முதல் லாட்டின் பதின்மூன்று கட்டுகளையும் முடித்த அன்று கை தானாக லைட்டரைத் தேடியது, நுனிகளைத் தொட்டது. மறுநாள்தான் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. டெஸ்டில் எல்லாம் பாஸ் ஆனது. இவ்வளவு நேர்த்தியாக முடிச்சுப் போட்டது யார் என்று கேட்டு, அந்த லாட்டைக் காட்டித்தான் அவளைச் சோதனையாளராகவே ஆக்கினார்கள். ஒன்று அலமாரிக்குப் போனது. மற்ற பன்னிரண்டும் விமானங்களுக்குப் போயின.

அவள் பையைப் பிரித்து, கட்டை லென்சுக்குக் கீழே வைத்தாள். நாலாவது முடிச்சு. உருகிய நுனிக்குப் பக்கத்தில், வயரின் வெள்ளை மேலுறையில், ஒரு பழுப்புப் புள்ளி. டெஸ்டரை மாட்டினாள். நேராக வைத்தால் பாஸ். புள்ளியிருந்த இடத்தை மெல்ல வளைத்தாள், விமானம் ஆடினால் எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான். திரையில், மேலுறை எவ்வளவு தாங்குகிறது என்று காட்டுகிற எண் சரசரவென்று இறங்கியது.

எண் இறங்கிய அதே நொடியில், தலைக்கு மேலே, ஸீலிங்குக்கு அந்தப் பக்கம், டிக் என்று ஒரு பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாகப் பத்து, இருபது. ஒரு குழந்தை சிரித்தது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். அந்தக் கட்டிடத்துக்கு மாடி கிடையாது.

"அடி பாவி, இன்னாடி பண்ணி வெச்சிருக்கே," என்று ஷர்மிளா தன்னையே கேட்டாள்.

குவாலிட்டி மேனேஜர் பரணிதரனுக்குப் போன் போட்டாள். அவர் வேலூர் போகிற வழியில், பள்ளிகொண்டா டோல்கேட்டில் இருந்தார். நடந்தது முழுவதையும், லைட்டர் உட்பட, சொன்னாள்.

"அத அப்டியே பைக்குள்ள போட்டு வையிம்மா. திங்கக்கெழம பேசிக்கலாம்."

"சார், அது பறந்துட்டு இருக்கு சார்."

"டெஸ்ட் பாஸ் ஆச்சில்ல? பேப்பர் கிளியரா இருக்கு. நீயா போய் தலய குடுக்காத. நூத்தி நாப்பது பொம்பளைங்க இந்தக் கம்பெனிய நம்பி இருக்காங்க. மொதல்ல போறது ஒன் சீல்தான், அப்புறம் கம்பெனியே போயிடும். புரியுதா?"

புரியாமல் என்ன? பாஸ் முத்திரை குத்துகிற சோதனையாளர் சீல் கையில் வந்த அன்று அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டவள் அவள். தப்பிப்போன பிழையை, கட்டுகளை வாங்குகிற பெங்களூர்க் கம்பெனிக்கு நேரடியாகத் தெரிவிக்கிற படிவம் அவள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதில் வேலை செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம், பிழையைக் கண்டுபிடித்த சோதனையாளர் சீல் எண் என்று ஒரு கட்டம். அனுப்பினால் இரண்டிலும் அவளே, பெயர் கெடும். அனுப்பாவிட்டால் தலைக்கு மேலே சிரிக்கிற அந்தக் குழந்தை.

"திங்கக்கெழம வரைக்கும் அவங்க இருக்கணுமே சார்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தபோது, முழங்கால் வரை சில்லென்றது.

குனிந்து பார்த்தாள். தரை இல்லை. கறுப்பாக, கனமாக, அசைந்தும் அசையாமலும் எண்ணெய் நின்றது. ஏசியின் இரைச்சல் எங்கோ தூரத்தில் இன்ஜின் இரைச்சலாகத் தடித்திருந்தது. டியூப் லைட்டின் வெளிச்சம் சாம்பல் பூத்து, சுவர்களில் முழத்துக்கு ஒரு அலுமினிய விலா புடைத்து, அதன் ஓட்டைகள் வழியே இருட்டு அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் போய்க்கொண்டே இருந்தது. ஸீலிங் கைக்கு எட்டுகிற உயரத்துக்குத் தணிந்து, அதன் மேலே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற அதிர்வு அவள் உச்சந்தலையில் இறங்கியது. அந்த டேங்கின் நடுவே அவள் மேஜையும் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கதவைக் காணவில்லை.

அப்போதுதான் வலது கட்டைவிரல் சுண்டியது.

அவள் சுண்டவில்லை. அதுவாகச் சுண்டியது. லைட்டரின் சக்கரத்தைத் தேய்க்கிற அதே சுண்டு. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் உரசி, சக். விரல்களுக்கு நடுவே ஏதோ ஒன்று மினுங்கியது போலிருந்து அணைந்தது.

"ஏய்," என்றாள் கையைப் பார்த்து.

சக்.

எண்ணெய் முழங்காலிலிருந்து கீழே இறங்கியிருந்தது. கெண்டைக்கால் வரைதான் இப்போது. மேலே யாரோ பறந்துகொண்டிருக்கிறார்கள், எண்ணெய் எரிந்துகொண்டிருக்கிறது, டேங்க் காலியாகிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் விட்டுப்போன இடமெல்லாம் மதிய வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளிவதுபோல் நெளிந்தது. மூச்சு இழுத்தால் தொண்டை எரிந்தது.

ஷர்மிளாவுக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். பதினோரு வருஷம் சோறு போட்ட கை. இன்றைக்கு இதுவே எனக்கு எதிராகப் போகிறதா? பார்த்துவிடலாம் ஒரு கை.

மேஜையிலிருந்து மெழுகு நூல் சுருளை இடது கையால் எடுத்தாள். துள்ளுகிற கட்டைவிரலை உள்ளங்கையோடு அமுக்கி, நூலைச் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு. பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். விரல் நீலமாகிற வரை இறுக்கினாள். நூலுக்கு அடியில் அது புழுவாக நெளிந்தது.

"நீ துள்ளு. எவ்ளோ துள்றேன்னு நானும் பாக்கறேன்."

இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். லாட் எண் ஒன்று. பன்னிரண்டு கட்டுகள். முடிச்சு நுனியை லைட்டரால் சுட்டதில் மேலுறை கருகியிருக்கிறது. வளைத்தால் தாங்கவில்லை. டேங்கில் பொறி வரலாம். உடனே நிறுத்தவும். வேலை செய்தவர்: ஷர்மிளா. சோதனையாளர் சீல் எண் என்ற கட்டத்தில் தன் எண்ணைப் போட்டாள். தன் போன் நம்பரையும் போட்டாள். அனுப்பு என்ற பட்டனை அமுக்கினாள்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. எண்ணெய் கணுக்காலுக்கு இறங்கியிருந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் சங்கீதா, பெங்களூர்லருந்து. நீங்கதான அனுப்பினது?"

"நான்தான் மேடம். நான்தான் பண்ணேன்."

"அதெல்லாம் அப்புறம். லைன கட் பண்ணாதீங்க. பன்னெண்டும் எங்க இருக்குன்னு பாத்துட்டோம். பதினொண்ண நிறுத்தியாச்சு."

"இன்னொண்ணு?"

"பறந்துட்டு இருக்கு. கடல் மேல. பைலட்டுக்குச் சொல்லியாச்சு, பக்கத்துல இருக்கற ஏர்போர்ட்டுக்குத் திருப்பிட்டாங்க. நாப்பது நிமிஷம் ஆகும்."

"எத்தினி பேரு மேடம்?"

"நூத்தி எழுபத்திரண்டு."

மேலே குழந்தை காலை உதைத்து விளையாடியது. தட், தட், தட்.

ஷர்மிளா நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். நாற்பது நிமிஷம். அவ்வளவுதானே. தலைவலியோடு ஒன்றரை ஷிப்ட் தைத்திருக்கிறாள், பிரசவ வலியோடு பஸ் ஏறியிருக்கிறாள். நாற்பது நிமிஷம் ஒரு விரலைப் பிடித்துவைக்க முடியாதா?

முப்பத்தைந்து.

தரையில் எண்ணெய் வெறும் பளபளப்பாகிவிட்டது. காற்று நெளிந்தது. கண் எரிந்தது.

முப்பது.

விரல் அடங்கியது. செத்ததுபோல் கிடந்தது. அவள் நம்பவில்லை.

இருபத்தாறு.

முடிச்சு நழுவியது. பதினோரு வருஷத்தில் அவள் போட்ட முடிச்சு ஒன்றுகூட நழுவியதில்லை. நூல் தளர்ந்தது. விரல் நிமிர்ந்தது. சாவகாசமாக.

சக்.

பிடித்துக்கொண்டது. நீலமாக, கடுகளவு, விரல் நுனியில். அணையவில்லை.

ஷர்மிளா கத்தவில்லை. விரலை உள்ளே மடக்கினாள். மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடினாள். அதன்மேல் இடது கையையும் மூடினாள். காற்றுப் போக ஒரு இடுக்கு இல்லாமல் இறுக்கினாள். வலி தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்தாள்.

"எரி. என்ன எரிச்சிக்கோ. வெளிய வுட மாட்டேன்."

"ஹலோ? யார் கிட்ட பேசறீங்க?" என்றாள் சங்கீதா.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. கதவு இருந்த இடம் திறந்தது. வெளிச்சத்தில் அஃப்ஸர் ஜஹான் நின்றாள், அவளுக்குப் பின்னால் டிபன் பாக்சோடு பெண்கள், பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. நெளிகிற காற்று அவர்கள் காலைச் சுற்றி வராண்டாவுக்குப் போனது. அவர்கள் முகங்களைத் தொட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"இன்னாடி சாப்ட வராம இருட்ல குந்திக்கினு..." அஃப்ஸர் ஜஹான் நின்றாள். மூக்கைச் சுளித்தாள். முகம் மாறியது. "ஷர்மி, எங்கியோ தோல் கருகுற வாசன வருதே."

"உள்ள வராதீங்க அக்கா. யாரும் எதையும் தொடாதீங்க."

பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஷர்மிளாவின் மூடிய கைகளில், விரலுக்கும் விரலுக்கும் நடுவே, தோல் மெல்லியதாகி, அதற்குள்ளிருந்து நீல வெளிச்சம் தெரிந்தது. முழங்கை வழியாக ஏதோ உருகிச் சொட்டியது. தலைக்கு மேலே நூற்று எழுபத்திரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எவ்ளோ மேடம்?" என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு நிமிஷம்," என்றது போன்.

ஷர்மிளா கையை இன்னும் இறுக்கினாள்.