நாலாவது கிண்ணம்

பிற்பகல் மூன்று மணி. முதல் மடக்கை விழுங்குமுன்பே லோகேஸ்வரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இது அந்தத் தேயிலை இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியில் இருக்கும் அந்தத் தேநீர்க்கடை அவளுடையது. சீனத்து வெள்ளைத் தேயிலையை ஆவியில் இளக்கி, தட்டு மாதிரி அழுத்திக் காயவைத்த வட்டுகள்தான் அவளுடைய வியாபாரம். மாதம் ஒருமுறை வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, வட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கச் செய்வாள். இன்று காலை மூன்று: இரண்டு வயது, எட்டு வயது, இருபது வயது.

இருபது வயது வட்டு கிள்ளான் வோங் அங்கிளுடையது. செத்துப்போன மனைவி ஆசையாய் வாங்கி வைத்தது. அவள் திதியன்று ஒரு கிண்ணம் ஊற்றிப் படத்தின் முன்னே வைப்பார். நாளைக்குத் திதி. ருசி பார்க்க இரவல் கொடுத்த வட்டை இன்று ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் பேரீச்சம்பழமாய் மணத்தது, இப்போது காய்ந்த புல்லும் கொஞ்சம் தேனுமாய் மணக்கிறது. மேலே பார்த்தால் அதே பழுப்பு, அதே உடைந்த ஓரம். யாரோ மாற்றிவிட்டார்கள்.

எதிர்மாடி சீதாலெட்சுமியை ஓடிப்போய் அழைத்து வந்தாள். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன். பால் சேர்க்காத கோப்பி ஓ தவிர வேறெதையும் தொடாத மனுஷி.

"காலையில யார் யார் வந்தா?"

"ரெண்டே பேர்க்கா. பண்டமாரான்ல இருக்கிற குகன், லோரி கம்பெனி வச்சிருக்கானே, அவன். அப்புறம் நம்ம கேதீஸ்வரன் அங்கிள்."

"கோயில் கமிட்டி?"

"ஆமாக்கா. வெள்ளிக்கிழமையானா கோயில்ல உக்காந்து திருநீறு மடிக்கிறவரு. இன்னைக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து குடுத்தாரு. டீ அந்த வாசத்த இழுத்துக்கும்னு அத வாசல்லயே வச்சிட்டேன்."

"வட்ட யார் சுத்தி வச்சா?"

"நான்தான். மூணையும் அதுஅது பேப்பர்ல சுத்தி மேசையில வச்சேன். உடைச்சத அரை விலைக்குக் குடுத்துருவேன். ரெண்டு வயச குகன் வாங்கிட்டான், எட்டு வயச அங்கிள். அவங்க ரெண்டு பேரையும் இங்க விட்டுட்டுத் தோசை வாங்கக் கீழ போனேன். வந்து சாப்பிட்டோம். அவங்கவங்க வட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க."

லோகேஸ்வரி போனை எடுத்தாள். "குகன்தான்க்கா. விலை என்ன, விலை என்னன்னு ரெண்டு தடவ கேட்டான். பெரிய பேக் வேற."

"வை போன. தப்பான ஆளக் கேட்டா, அப்புறம் உன் கடைப்படி எவனும் ஏறமாட்டான்லா. எது போச்சுன்னு தெரியுது. அந்த இடத்துல எது வந்து உக்காந்திருக்கு?"

லோகேஸ்வரி வட்டைத் திரும்பப் பார்த்தாள். பதற்றத்தில் அதை அவள் யோசிக்கவே இல்லை.

காலையில் உடைத்ததில் மிச்சமான துணுக்குகள் சிறு தட்டுகளில் இருந்தன. மூன்று மூடிக் கிண்ணங்களில் அவற்றை வயது வரிசையில் போட்டாள். நாலாவதில், மாற்றி வைத்த வட்டிலிருந்து ஒரு துண்டு. ஒரே அளவு, ஒரே சூட்டுத் தண்ணீர்.

சீதாலெட்சுமி மருந்து குடிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொன்றாய் உறிஞ்சினாள். "எனக்கு டீ தெரியாது. ஆனா ரெண்டும் நாலும் ஒண்ணு."

லோகேஸ்வரியும் குடித்தாள். தேனும் புல்லும். சந்தேகமே இல்லை, எட்டு வயது வட்டு.

"அப்போ கேதீஸ்வரன் அங்கிள் பேப்பர்ல..."

"இருபது வயசு போயிருக்கு. குகன் மாத்தியிருந்தா அவன் வாங்கின வட்ட வச்சு மாத்தியிருப்பான். அடுத்தவன் பையில போட்டு அவனுக்கு என்ன லாபம்?"

"நானே மாத்திச் சுத்திட்டேனோ?"

சீதாலெட்சுமி எழுந்தாள். மேசையில் கிடந்த, இருபது வயது வட்டைச் சுற்றியிருந்த காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்த் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வா, நடப்போம்."

கேதீஸ்வரன் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். "என்ன பிள்ளை, ரெண்டு பேருமா வந்திருக்கிறீங்கள்?"

"ஒண்ணுமில்ல அங்கிள், நீங்க குடுத்த பொட்டலம் பிரிஞ்சிடுச்சு. கொஞ்சம் மடிச்சுத் தாங்க." சீதாலெட்சுமி திருநீற்றைக் கொட்டி நீட்டியது, அந்த வட்டுக் காகிதத்தில்.

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். இடது மூலை, வலது மூலை, மேலே ஒரு மடிப்பு. காகிதம் தானாக மடங்கியது. ஏற்கெனவே விழுந்திருந்த கோட்டிலேயே ஒவ்வொரு மடிப்பும் போய் உட்கார்ந்தது. மிஞ்சிய நுனியைச் செருகப் போன விரல் நின்றது.

"லோகா வட்டமா, கொசுவம் வச்சு மடிப்பா," என்றாள் சீதாலெட்சுமி. "அந்தக் கோடும் இதுல இருக்கு. அது மேல இந்தக் கோடு. அவ தோசை வாங்கப் போனப்போ இத யாரோ பிரிச்சிருக்காங்க. திரும்ப மடிக்கும்போது அவசரத்துல கை பழகினபடி போயிருச்சு. குகனுக்கு இந்த மடிப்பு வராது அங்கிள்."

கேதீஸ்வரன் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வட்டு இருந்தது.

"குகன் போனில கதைக்க வெளியால போனான். ஒரு நிமிசம் புத்தி கெட்டுப் போச்சுது. வோங் விக்கமாட்டார் எண்டு தெரியும். அதால கேக்கவே இல்லை."

ஆறு மணிக்கு வோங் அங்கிள் வந்தார். மறைக்க லோகேஸ்வரிக்கு மனசு வரவில்லை. பெயரை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததை அப்படியே சொன்னாள். இனி இவர் நம்மை நம்பமாட்டார் என்றே நினைத்தாள்.

அவர் வட்டை முகர்ந்து பார்த்தார். வட்டை உடைக்கும் ஊசியால் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்த்து அவள் பக்கம் தள்ளினார்.

"அந்த ஆளுக்குக் குடு," என்றார், கிள்ளான் பாசாரில், சந்தைக்காரர்களிடம் பழகிய தமிழில். "என் மனைவி இருந்தப்போ கேட்டா, குடுக்கும். யாரும் கேக்கல."

அந்தத் துண்டை மடிக்க லோகேஸ்வரி மடிப்பே விழாத வேறொரு காகிதம் தேடினாள்.