பன்னிரண்டு சதவீதத்தில் வந்த போன்

போன் அலறியது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் லேப்டாப் சர்வீஸ் கடை. வினோதினி ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மறு கையால் போனை எடுத்தாள்.

"அரியலூர்லேருந்து சத்யா பேசுறேங்க. சர்வேயர் அசோக்கோட சம்சாரம். அவர் லேப்டாப்பை மணிவேல்னு ஒருத்தர் அங்க கொண்டாந்தாரா? ஒவ்வொரு கடையா போன் போட்டுக் கேட்டுட்டிருக்கேன்."

வினோதினி நிமிரவில்லை.

மூன்றடி தூரத்தில், ஸ்டூலில், அதே மணிவேல்! சுண்ணாம்புக்கல் குவாரி கான்ட்ராக்டர். வந்ததிலிருந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"ஆமாங்க. சொல்லுங்க."

"நேத்து காலையில என் வூட்டுக்காரர் குவாரித் தண்ணியில பொணமா கெடந்தாரு..."

ஸ்க்ரூ டிரைவர் நழுவி மேஜையில் விழுந்தது.

"கால் வழுக்கிருச்சுன்னு சொல்றாங்க. பொய்ங்க. மணிவேல் எல்லையைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் வெட்டிட்டான். இவரு ட்ரோன் விட்டுப் படம் புடிச்சு வச்சிருந்தாரு. கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கப் போறேன்னாரு. எல்லாம் அந்த லேப்டாப்புலதான். அது குவாரி ஆபீஸ்ல இருந்துச்சு; சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷனுக்குக் கொண்டாரச் சொல்லி இன்ஸ்பெக்டர் மணிவேல்கிட்ட சொல்லியிருக்காரு. படம் போச்சுன்னா கேஸே இல்லீங்க..."

"சரிங்க. வேலை ஓடிட்டிருக்கு. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

போனை வைத்தாள்.

"யாரு?" என்றான் மணிவேல்.

"கஸ்டமருங்க."

திரையில் பன்னிரண்டு சதவீதம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் முதல் எல்லாமே, ஒரு டிபி புது டிஸ்க்குக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. 'இடம் பத்தல, பெரிய டிஸ்க் போடு. இப்ப இருக்கறது அப்படியே வரணும். பழசை எங்கிட்ட குடுத்துடணும்' என்று காலையில் சொல்லியிருந்தான்.

அவன் பார்க்காத நேரம் ட்ரோன் ஃபோல்டரைத் திறந்தாள்.

காலி.

அழித்தாகிவிட்டது!

ஒரு கணம் யோசித்தாள். வேலையை நிறுத்தினாள்.

"ஏம்மா நின்னு போச்சு?"

"எர்ரர் வந்துருச்சுங்க. மொதல்லேருந்து போடணும். மூணு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரம்னுதானே சொன்னே?"

"அவசரம்னா அப்படியே எடுத்துட்டுப் போங்க. விண்டோஸ் ஏறாது. கேக்கறவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

முறைத்தான். உட்கார்ந்தான்.

முப்பத்தொன்று... ஐம்பத்தெட்டு... வாசலுக்கும் ஸ்டூலுக்கும் நடந்தான். எண்பதில் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"உன் கை ஏன் நடுங்குது?"

"காலையில சாப்பிடலைங்க."

வடை வாங்கிக் கொடுத்தான் கொலைகாரன். அதையும் தின்று தொலைத்தாள்.

நூறு!

புது டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினாள். விண்டோஸ் வந்தது. மணிவேல் அவளைத் தள்ளிவிட்டு ட்ரோன் ஃபோல்டரைத் திறந்தான். காலி. முதல் முறையாகச் சிரித்தான்.

பழைய டிஸ்க்கைப் பிடுங்கி, மாடிப்படியில் வைத்து, பையிலிருந்து சுத்தியலை எடுத்தான்.

ஒரே போடு. இன்னொன்று. இன்னொன்று.

"அழிச்சதைக்கூட பழைய டிஸ்க்லேருந்து தோண்டி எடுத்துடுவாங்களாமே? எனக்கும் நாலு விஷயம் தெரியும்மா."

"நெசந்தாங்க" என்றாள்.

துண்டுகளைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு, லேப்டாப்போடு அவன் அரியலூர் பஸ்ஸில் ஏறுவதை ஜன்னல் வழியே பார்த்தாள். போனை எடுத்தாள்.

"பழைய டிஸ்க்கை ஒடைச்சுட்டானா? அப்ப எல்லாம் போச்சா?" சத்யாவின் குரல் உடைந்தது.

"இல்லக்கா. சாதாரணமா மாத்துனா இருக்கற ஃபைல் மட்டும்தான் வரும். அதனாலதான் பாதியில நிறுத்தி, அழிச்சது தங்கியிருக்கற காலி இடத்தையும் விடாம மூலை முடுக்கெல்லாம் காப்பி போட்டேன். அவன் அழிச்ச படம் பூரா புது டிஸ்க்குல ஒளிஞ்சு கெடக்கு. ஆன் பண்ணாம நேரா லேபுக்கு அனுப்பச் சொல்லி இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"லேப்டாப் இப்ப எங்கம்மா?"

"ஸ்டேஷனுக்கு வந்துட்டிருக்கு. அவனே மடியில வச்சுக் கொண்டாரான்."

சத்யா விம்மினாள். "அந்த டிஸ்க்கு தாங்குமா?" என்றாள்.

"டிஸ்க்குக்கு மூணு வருஷம் கேரன்டிக்கா. அவனுக்கு எத்தனை வருஷம்னு ஜட்ஜுதான் சொல்லணும்!"